முள் சிவப்புக்குப் போன வாரம்

"சொல்லுங்கண்ணா, வண்டி பொழைக்குமுங்களா?"

கனகா இதைக் கேட்டபோது என் தலை அவள் காரின் பானெட்டுக்குள் இருந்தது. நான் தலையை வெளியே எடுக்கவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்துவிடாதீர்கள். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். தலை உள்ளே இருக்கும்வரை மெக்கானிக் அறிவாளி. வெளியே எடுத்தால் வாயைத் திறக்க வேண்டும். அங்கேதான் சாயம் வெளுக்கும்.

ரேடியேட்டரிலிருந்து மெல்லிசாக ஆவி வந்துகொண்டிருந்தது. உள்ளே ஓடுகிற பச்சைத் தண்ணீருக்குக் கூலன்ட் என்று பெயர். அது கொதித்தால் ஒரு வாசனை வரும். ஜீரா காய்ச்சி அடிபிடிக்க விட்டதுபோல இனிப்பும் கருகலுமாக இருக்கும். என் ஷெட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. புதிதாக வருகிறவர்கள் அங்கே மைசூர்பாக் கிளறுகிறார்கள் என்று நினைத்து வரிசையில் போய் நிற்பதும் உண்டு.

"இரும்மா, நாடி புடிச்சுட்டிருக்கறன்" என்றேன், உள்ளிருந்தபடியே.

"நாலு நாளாப் புடிக்கறீங்க. கை வலிக்கலீங்களா?"

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு என்னைச் சொல்லிவிடுகிறேன். பெயர் மாதேசன். ஊர் மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ராமாபுரம். மைசூரில் நஞ்சன்கூடு ரோட்டை ஒட்டி ஒரு தகர ஷெட் வைத்திருக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையே மூன்று வருடம் படித்ததால் ஒன்பது என்று சொல்லிக்கொள்வேன்.

நான் வாயால் சொல்ல, இதைக் கையால் எழுதுவது என் மனைவி செல்வி. மேட்டூர்ப் பக்கம் பத்தாவது முடித்தவள். எழுத்துப் பிழை வந்தால் அவள் பொறுப்பு, பொய் வந்தால் நான். ஆனால் பொய் வருகிற இடத்தில் அவள் பேனாவை மூடிவிடுவாள். அதனால் இந்த வாரம் உண்மை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு பிள்ளைகளும் ஒரு முள்ளும்

கனகாவும் எங்கள் பக்கத்து மார்டள்ளிக்காரி. கணவர் சென்ட்ரிங் வேலைக்கு மைசூர் வந்தபோது கூடவே வந்தவள். வந்ததும் ஒரு துணித் தொழிற்சாலையில் சேர்ந்து எட்டு வருடம் காலர் தைத்தாள். சட்டை இல்லை, காலர் மட்டும். "எட்டு வருசத்துல ஒரு முழுச் சட்டைய நான் கண்ணுல பாக்கலீங்கண்ணா" என்பாள்.

பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பழைய வெள்ளைக் கார் ஒன்றைப் பிடித்து, காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிற வேலையைத் தொடங்கினாள். நாலு பிள்ளைகள். பின் சீட்டில் மூன்று, முன் சீட்டில் ஒன்று. முன் சீட்டு யாருக்கு என்று தினமும் ஒரு தேர்தல் நடக்கும்.

தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். ரிங் ரோட்டில் மேம்பாலத்து ஏற்றத்தில் போகும்போது, என்ஜினின் சூட்டைக் காட்டுகிற முள் மெதுவாக எழுந்து சிவப்புக்குப் போனது. கனகா வண்டியை ஓரம் கட்டினாள். முன்னால் குபுகுபுவென்று ஆவி. நாலு பிள்ளைகளையும் கைகோத்து நடைபாதையில் நிற்கவைத்து, ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

அன்று மாலையே ஒரு பிள்ளையின் அம்மா போன் செய்தார். சத்தமெல்லாம் போடவில்லை. "வண்டி சரியில்லேன்னா இப்பவே ஹேளிபிடி கனகா, நாங்க வேற பாத்துக்கறோம்" என்றார். சொல்லிவிடு என்பதைத்தான் அவர் பாதிக் கன்னடத்தில் சொன்னார். தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் கனகாவைப் பயமுறுத்தியது.

"திட்டியிருந்தா நாளைக்குச் சரியாயிருமுங்க. இப்படிப் பேசறவங்க முடிவு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம்" என்றாள் என்னிடம்.

அந்த நாலு பிள்ளைகளும் கையை விட்டுப் போனால் திரும்பவும் காலர்தான். அது எனக்கும் தெரியும்.

எதிர் பேக்கரியின் பால் பாத்திரம்

தண்ணீர் குறைகிற வண்டியில் முதல் கேள்வி, அது எங்கே போகிறது என்பதுதான். கீழே சொட்டலாம், உள்ளே எரியலாம், ஆவியாகலாம். நாலாவதாக ஒரு வழி இருப்பதாக எனக்குத் தெரியாது.

வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவைத்தேன். காலையில் பார்த்தால் அட்டை அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடந்தது. பூனை படுத்த சூடுதான் இருந்தது.

குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். வெடிப்பு இல்லை. தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்ப்பைத் தடவிப் பார்த்தேன். ஈரமில்லை. ஏசியைப் போட்டேன். ரேடியேட்டரைக் குளிரவைக்கிற விசிறி ஓடியது.

அடுத்தது தெர்மோஸ்டாட். என்ஜினுக்குள் இருக்கிற சின்னக் கதவு அது. தண்ணீர் சூடானால் திறந்து ரேடியேட்டருக்கு அனுப்பும். கதவு மாட்டிக்கொண்டால் என்ஜின் வெந்துபோகும். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு எதிர் பேக்கரிக்குப் போய், கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். அழகாக வாயைத் திறந்தது. நான் போட்ட பாத்திரம் அவர்கள் பால் காய்ச்சுகிற பாத்திரம் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. இப்போது அது என் ஷெட்டில் இருக்கிறது. போல்ட் போட்டுவைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் எனக்குப் பெரிய வெற்றி கிடைத்தது. முன் சீட்டுக்குக் கீழே கம்பளம் ஈரமாக இருந்தது. விரலை வைத்து மோந்தேன். இனிப்பு வாசனை. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஹீட்டர் குழாய் ஒழுகினால் அங்கேதான் ஈரம் வரும்.

"கண்டுபுடிச்சுட்டேன். கூலன்ட் உள்ளாற ஒழுகுது" என்றேன்.

கனகாவும் குனிந்து விரலை வைத்து மோந்தாள். "மாம்பழ ஜூஸுங்கண்ணா. திங்கக்கெழம பயத்துல கொட்டிருச்சுங்க."

நான் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் உண்டு. சூட்டில் பொங்குகிற தண்ணீர் அங்கே போய் உட்கார்ந்து, ஆறியதும் திரும்ப உள்ளே வரும். கனகா வண்டியில் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. ரேடியேட்டர் குறைந்திருந்தது. பாட்டிலின் பக்கவாட்டில் வழிந்து காய்ந்த வெள்ளைத் தடம் வேறு.

விசித்திரமான விஷயங்களை நான் அப்புறம் பார்க்கலாம் என்று ஓரமாக வைத்துவிடுவேன். மூன்றாம் வகுப்பில் வகுத்தல் கணக்கையும் அப்படித்தான் வைத்தேன். இன்னும் அங்கேயே இருக்கிறது.

அந்த வாரம் இன்னும் இரண்டு வண்டிகள் கொதித்துக்கொண்டு வந்தன. தசராக் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனால் அப்படித்தான் ஆகும் என்று அவர்களுக்கு விளக்கம் சொன்னேன். வேலை வரிசையாக வருகிறதே என்று சாமுண்டி மலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடும் போட்டேன்.

மலை பஸ்ஸும் ஒரு செம்புத் தீர்த்தமும்

கொதிக்கிற ரேடியேட்டர் என்றாலே எனக்கு மாதேஸ்வரன் மலை பஸ்தான் ஞாபகம் வரும்.

கல்யாணமான புதிதில் செல்வியோடு மலைக்குப் போய்விட்டுக் கொள்ளேகால் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். இறக்கம்தான். ஆனால் நடுவில் ஒரு ஏற்றம் வரும். அதில் பஸ் முக்கி, முனகி, நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, "நீரு யாரத்ர இதெ?" என்றார். யாரிடம் தண்ணீர் இருக்கிறது என்று கேட்கிறார். இரண்டு பக்கமும் மூங்கில் காடு. பாட்டில்களை எல்லோரும் குடித்துக் காலி செய்திருந்தார்கள்.

கொள்ளேகால் பக்கத்துத் தமிழர் ஒருவர் மடியில் பித்தளைச் செம்பு வைத்திருந்தார். வாயை வாழையிலையால் கட்டியிருந்தார். கோயில் தீர்த்தம். வீட்டில் படுத்திருக்கிற அம்மாவுக்கு என்று கொண்டுபோகிறார். செம்பைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். "ஒரு மொடக்கு மட்டும் மிச்சம் வெச்சுக் குடுங்க" என்று நீட்டினார்.

தீர்த்தம் ரேடியேட்டருக்குள் போனது. பஸ் கிளம்பியது. கொள்ளேகால்வரை நிற்கவில்லை.

ஒரு செம்புத் தண்ணீரில் பஸ் ஓடியதற்கு அறிவியல் காரணம் இருக்கலாம். ஏற்றம் அதோடு முடிந்துபோனது என்பதுதான் காரணம் என்று செல்வி எழுதச் சொல்கிறாள். ஆனால் எனக்கு அது ஆழமாகப் பதிந்துவிட்டது. சொந்தமாக ஷெட் போட்டபோது, ஆயுத பூஜையன்று என்னிடம் வருகிற எல்லா வண்டிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு ஸ்பூன் மலைத் தீர்த்தம் ஊற்றுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். மைசூரில் ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டாத வண்டி கிடையாது. என் ஷெட்டில் உள்ளுறுப்புக்கும் பூஜை. வாடிக்கையாளர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கனகா வண்டி கொதித்த அந்த வருடம் ஒருவர், நான் மூடியைத் திறக்கிற பக்தியைப் பார்த்து, என்னை "சாமி" என்று கூப்பிட்டுவிட்டார். அதோடு என் புத்தி கெட்டது. சாமியாகிவிட்ட பிறகு வெறும் ஸ்பூனோடு நிற்பது அழகா? வீட்டுக்குள் போய் அரிசியை மஞ்சளில் பிசைந்து அட்சதை தயார் செய்து எடுத்துவந்தேன். தீர்த்தம் ஊற்றி, அட்சதை தூவி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, மூடியைத் திருகினேன். எனக்கு மந்திரம் தெரியாது. ஸ்பேனர் நம்பர்களைத்தான் வரிசையாகச் சொன்னேன்.

குமிழி

கனகா வண்டிக்கு வருவோம். ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை. தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டி, தண்ணீர் ஊற்றி, மூடியைப் போடாமலே என்ஜினை ஓட்டிப் பார்த்தேன். ரேடியேட்டர் வாயில் குமிழி வந்தது. ஒன்று, இரண்டு, பிறகு கொத்தாக.

இன்னும் கிட்டே குனிந்தேன். என்ஜினின் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கும், ஹெட் கேஸ்கெட். அது போய்விட்டால் உள்ளே எரிகிற புகை தண்ணீரில் கலந்து இப்படிக் குமிழியாக வரும். ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். தண்ணீர் ஆயிலில் கலந்தால் டீ நிறத்தில் இருக்கும். அப்படி இல்லை, கறுப்பாகத்தான் இருந்தது. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. ஆனால் ஐந்து நாளாக ஒன்றும் கிடைக்காதவனுக்குக் குமிழி கிடைத்தால் விடுவானா?

தலையை வெளியே எடுத்தேன். "ஹெட் கேஸ்கெட் போச்சு. என்ஜினப் பிரிக்கோணும் கனகா."

"எத்தன நாளாகுமுங்க?"

"பதினஞ்சு நாளாவது ஆகும்."

அவள் பானெட்டை மெதுவாக மூடினாள். பிறகு, "அதுக்குள்ள புள்ளைங்க வேற வண்டிக்குப் பழகிரும்" என்றாள். "புள்ளைங்க போனப்பறம் வண்டி இருந்தா என்ன, இல்லாட்டி என்னங்க. ஒரு புரோக்கர் கேட்டுட்டே இருக்கறாரு. நாளைக்கு வந்து பாக்கச் சொல்லிர்றேன்."

வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தேவலை. அவளும் தன்மையாகவே பேசிவிட்டுப் போனாள்.

சாரின் கைக்குட்டை

சனிக்கிழமை மதியம் ரங்கநாதன் சார் வந்தார். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் காரை எடுப்பார். அதையும் கோயிலுக்கும் காய்கறிக்கும்தான். எதையும் தொடுமுன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக்கொள்கிற மனிதர்.

"ஏனப்பா மாதேசா, முள்ளு மேல போறதேன்னு கார்த்தால நானே மூடியத் தொறந்து பாத்தேன்" என்றார். "ஆறினப்பறம்தான் தொறந்தேன், பயப்படாதே. ரப்பர்ல இது ஒட்டிண்டிருந்தது."

கைக்குட்டையை விரித்தார். நடுவில் ஒரே ஒரு அரிசி. மஞ்சள் நிறம்.

"என் கண்ணு சரியா இருந்தா, இது உன் அட்சதை" என்றார்.

நான் அந்த அரிசியைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. அதற்குள் ஒரு ஸ்பிரிங்கும் ரப்பரும் உண்டு. உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பது அதுதான். அழுத்தம் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது. ரப்பர் சரியாக உட்காராவிட்டால் கொஞ்ச சூட்டிலேயே தண்ணீர் பொங்கி அந்தப் பாட்டிலுக்குப் போய்விடும். பாட்டில் நிறைந்து, ஓடுகிற வண்டியில் வெளியே வழிந்து, சூட்டில் காய்ந்தும்விடும். நின்ற இடத்தில் சொட்டு ஈரம் இருக்காது. வண்டி ஆறியபிறகும் பாட்டில் தண்ணீர் உள்ளே திரும்பாது. பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் குறைந்திருக்கும். நான் ஓரமாக வைத்த விசித்திரம், இதோ, கைக்குட்டையில்.

அப்படியானால் அந்தக் குமிழி? தெர்மோஸ்டாட்டைக் கழற்றியபோது உள்ளே காற்றை விட்டதும் நான்தானே. காற்று வெளியேற நேரம் கொடுக்காமல் தீர்ப்புச் சொன்னதும் நான்தான்.

கனகாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. என் பெயரைப் பார்த்துத்தான் எடுக்கவில்லை என்று பிறகு சொன்னாள்.

ஸ்கூட்டரில் ஒரு ஒத்திகை

ஸ்பேர் கடையில் புது மூடி ஒன்றை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரை முறுக்கினேன். போகிற வழியெல்லாம், உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு துடித்தது.

இந்த இடத்தில் செல்வி பேனாவை மூடிவிட்டாள்.

சரி, எழுது. போகிற வழியெல்லாம் பொய்யைத்தான் ஒத்திகை பார்த்தேன். "நைட்டு பூரா யோசிச்சேன் கனகா, என் அனுபவத்துல ஒரு வழி தோணுச்சு" என்று ஆரம்பித்து, மூடியை மாற்றி, என்ஜினைப் பிரிக்காமலே காப்பாற்றிய மகான் ஆகிவிடலாம் என்று திட்டம். அக்ரஹாரம் சிக்னலில் நிற்கும்போது அதற்கு முகபாவம்கூடப் பழகினேன். பக்கத்து ஆட்டோக்காரர் பார்த்துவிட்டு, "ஏன் குரு, ஹுஷார் இல்லவா?" என்று உடம்புக்கு ஆகவில்லையா எனக் கேட்டார்.

கனகா வீட்டு வாசலில் வெள்ளைக் கார் பானெட் திறந்து நின்றது. புரோக்கர் வந்துவிட்டிருந்தார். கூலிங் கிளாஸை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, என்ஜினைப் பார்த்துத் துக்கம் விசாரிக்கிறவர்போல உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டிய விக்காதே கனகா. மூடி மாத்துனாப் போதும்" என்றேன், இறங்குமுன்பே.

கனகா திரும்பிப் பார்த்தாள். "நேத்து என்ஜின் போச்சுன்னீங்க. புதங்கெழம கூலன்ட் ஒழுகுதுன்னீங்க, அது ஜூஸு. இன்னிக்கு மூடிங்கறீங்க. நான் எதையுங்கண்ணா நம்பறது?"

புரோக்கர் சிரித்தார். "ஹெட் கேஸ்கெட் ஹோகிதெ அந்த நீவே ஹேளித்ரல்லா சார்" என்றார். போய்விட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறார்.

ஒத்திகை பார்த்த வசனம் வாய்வரை வந்தது. என் அனுபவத்தில் என்று ஆரம்பித்தால் கனகா எதை நம்புவாள்? ஐந்து நாளாக என் அனுபவத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இந்தத் தடவ எனக்கு உறுதியாத் தெரியும்" என்றேன். "ஏன்னா, வண்டியக் கெடுத்தது நான்தான்."

அவள் வண்டியின் மூடியைத் திருகி எடுத்துத் திருப்பிக் காட்டினேன். அரிசி இல்லை. ஐந்து நாள் கொதியில் அது எப்போதோ வெந்து கரைந்து போயிருந்தது. அதனால்தான் தினமும் நாலு தடவை திறந்தும் என் கண்ணில் படவில்லை. ஆனால் கறுப்பு ரப்பரின் ஓரத்தில், நகத்தால் கீறியதுபோல, ஒரு அரிசி நீளத்துக்குப் பள்ளம் இருந்தது. அவள் வண்டிக்குப் போட்ட ஆயுத பூஜை, அட்சதை, சாமி என்று ஒருவர் கூப்பிட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பேனர் நம்பர் மந்திரத்தை மட்டும் சொல்லவில்லை. அது இன்றைக்குத்தான் வெளியே வருகிறது.

கனகா பள்ளத்தை விரலால் தடவினாள். அவள் முகத்தில் கோபம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்கண்ணா, குக்கர் மூடியில ஒரு பருக்கை மாட்டுனா விசில் வருமுங்களா?"

"வராது."

"ஏன் வராது?"

"சைடுல ஆவி போயிரும்."

"தண்ணி?"

"வத்திரும்."

"அப்பறம்?"

"அடிபுடிச்சுரும்."

"செல்வியக்காவுக்குப் போனப் போட்டிருந்தா அஞ்சு நிமிசத்துல சொல்லியிருக்குமில்லீங்க?" என்றாள்.

செல்வி இந்த வரியை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள். அச்சில் எப்படி வரும் என்று தெரியவில்லை.

ஏற்றம்

தண்ணீர் ஊற்றி, மூடியைப் போடாமல் என்ஜினை ஓடவிட்டேன். குமிழி வந்தது. புரோக்கர், "நோடி, நோடி" என்று காட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் போனது. குமிழி குறைந்து, ஒன்றிரண்டாகி, நின்றது. காற்றுதான். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் அது நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்.

புது மூடியைத் திருகினேன்.

"சாமுண்டி மலை ஏறிப் பாத்துர்லாமுங்க" என்றாள் கனகா. "நான் ஓட்டறேன். முள்ளு செவப்புக்குப் போச்சுன்னா அங்கயே சாவியக் குடுத்துர்றேன்."

புரோக்கரும் பின்னால் ஏறிக்கொண்டார். நான் முன் சீட்டில், ஜூஸ் கம்பளத்தின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மலை அடிவாரம் தாண்டியது. கனகா ரோட்டைப் பார்த்தாள். நானும் புரோக்கரும் முள்ளைப் பார்த்தோம். அவர் அது ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டார், நான் ஏறக்கூடாது என்று. இரண்டு பேரும் ஒரே அம்மனிடம். அம்மனுக்கு அன்று குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

முதல் வளைவில் முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. கனகா இரண்டாவது கியருக்கு மாற்றினாள். என்ஜின் இழுத்தது. முள் ஒரு மயிரிழை மேலே வந்தது. புரோக்கர் சீட்டின் நுனிக்கு வந்தார். விசிறி சுற்ற ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது. முள் பழைய இடத்துக்கே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

மலையின் பெரிய நந்தி சிலைக்குப் போகிற வழி தாண்டியது. ஊர் முழுக்கக் கீழே சின்னதாகத் தெரிய ஆரம்பித்தது. முள் அசையவில்லை.

உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கனகா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு போனை எடுத்தாள். அந்தத் தன்மையான அம்மாவிடம்தான் பேசினாள்.

"திங்கக்கெழம காலைல ஏழரைக்கு வந்துருவேன்க்கா. ஆமாங்க. வண்டி சரியாயிருச்சு." எதிர்ப்பக்கம் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்க வேண்டும். கனகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்க. மூடி" என்று மட்டும் சொன்னாள்.

என்னைக் காட்டிக்கொடுக்காத அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

புரோக்கர் இறங்கி, ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு, மூன்று பேருக்கும் சுட்ட சோளம் வாங்கி வந்தார். நல்ல மனிதர். அவர் வண்டிக்கு ஆயுத பூஜையன்று எங்கே பூஜை போட்டார் என்று கேட்டுவைத்தேன். நல்லவேளை, என்னிடம் இல்லை.

மறுநாள் ஷெட்டில் கனகா வண்டி ரேடியேட்டரைக் கழுவினேன். மஞ்சளாகக் கஞ்சி வந்தது. கொதித்து வந்த மற்ற இரண்டு வண்டிக்கும் சாருடைய வண்டிக்கும் மூடி மாற்றிக் கழுவிக் கொடுத்தேன். ஆயுத பூஜைக்கு வந்த மிச்சப் பேர் வீட்டுக்கும் ஸ்கூட்டரில் போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் உண்மையையே சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். ஒருவர், "அட்சதை உள்ளதான போச்சு, ஆசீர்வாதம்னு விட்ருங்க" என்றார். அவர் வண்டியைத்தான் இரண்டு முறை கழுவினேன்.

மேலே ஒரு மூடி

அடுத்த ஆயுத பூஜைக்குக் கனகா வண்டியைக் கொண்டுவந்தாள். இப்போது ஐந்து பிள்ளைகள் என்று சொன்னாள். முன் சீட்டுத் தேர்தல் கடுமையாகிவிட்டதாம்.

நான் பூஜைத் தட்டை எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், நேராகப் பானெட்டை நோக்கிப் போனேன். கனகா நிதானமாக வந்து பானெட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"பூசையெல்லாம் வெளியவே நடக்கட்டுமுங்கண்ணா."

முன் கண்ணாடியில் சந்தனம் வைத்தேன். வைக்கும்போது உள்ளே பார்த்தேன். மற்ற வண்டிகளில் பாசிமணி தொங்குகிற இடத்தில், கறுப்புக் கயிற்றில் கட்டி, அந்தப் பழைய ரேடியேட்டர் மூடி தொங்கிக்கொண்டிருந்தது. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். ரப்பரில் இருந்த பள்ளம், முன் சீட்டில் உட்காருகிறவர் முகத்துக்கு நேராக இருந்தது.

"திருஷ்டிக்கா கனகா?" என்றேன்.

"இல்லீங்க. மெக்கானிக்குக்கு" என்றாள்.